ஊருணியைத் தூர்வார வேண்டுமா? முதலில் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள்

எங்கள் ஊர்க் குடிநீர்க் குளமான ஊருணிக்கு வடகரையில் செம்புராங்கல் படித்துறை ஒன்று உண்டு. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் மேலே நாலைந்து படிதான் கண்ணுக்குத் தெரியும், மற்றதெல்லாம் தண்ணீருக்குள் இருக்கும். இப்போது கார்த்திகை மாதத்தில் போய் நின்றாலும் கடைசிப் படிவரை தெரிகிறது, அதற்கும் கீழே வண்டல். மழை பெய்யாமல் இல்லை. மேற்கே இருந்து தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்து கிடக்கிறது, அவ்வளவுதான்.

இதை மூன்று வருடம் கிராம சபையில் சொன்னோம். ஒவ்வொரு முறையும் "பார்க்கலாம், செய்யலாம்" என்றார்கள். நாலாவது வருடம் நண்பர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, அந்த மூன்று வருடத்துத் தீர்மானங்களின் நகல் வாங்கினேன். ஊருணி என்ற சொல்லே ஒரு பக்கத்திலும் இல்லை. தெருவிளக்கு இருந்தது, குடிநீர் மோட்டார் பழுது இருந்தது. நாங்கள் வாயால் சொன்னது எதுவும் ஏட்டில் ஏறவில்லை.

செட்டிநாட்டில் பல ஊர்களில் இதே கதைதான் என்பதால் விவரமாக எழுதுகிறேன். ஊராட்சியில் ஒரு வேலை நடக்க வேண்டும் என்றால் அதற்குப் பணம் வேண்டும். பணம் வர வேண்டும் என்றால் அந்த வேலை ஊராட்சியின் வருடத் திட்டத்தில் இருக்க வேண்டும். திட்டத்தில் சேர வேண்டும் என்றால் கிராம சபைத் தீர்மானம் வேண்டும். இந்த மூன்றில் எது விட்டுப்போனாலும் வேலை நடக்காது.

முதலில், உங்கள் ஊருக்குக் கிராம சபை உண்டா?

இதில் நிறையப் பேருக்குக் குழப்பம். கிராம சபை என்பது கிராம ஊராட்சிக்கு மட்டும்தான். ஆத்தங்குடி கிராம ஊராட்சி, அங்கே கிராம சபை உண்டு. கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் ஆகியவை பார்ப்பதற்குக் கிராமம் மாதிரி இருந்தாலும் சட்டப்படி பேரூராட்சிகள். 2024-ல் காரைக்குடி மாநகராட்சி ஆனபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம் போன்ற ஊராட்சிகளும் அதனுள் சேர்ந்தன. சங்கராபுரத்துக்காரர்களுக்கு இனிக் கிராம சபை இல்லை. நகர்ப்புறத்துக்கு வார்டு குழு, பகுதி சபை என்று வேறு ஏற்பாடு இருக்கிறது. அதன் விதிகளும் வேறு, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். இங்கே நான் சொல்வதெல்லாம் கிராம ஊராட்சிக்கு மட்டும்.

அரசியலமைப்பின் 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த வருடம் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 வந்தது. ஊராட்சி எல்லைக்குள் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். யாரும் அழைத்து உறுப்பினர் ஆக்க வேண்டியதில்லை, யாரும் வெளியே போகச் சொல்லவும் முடியாது. ஊராட்சியின் வரவு செலவுத் திட்டத்துக்கும் வளர்ச்சித் திட்டத்துக்கும் ஒப்புதல் தருவதும், நடந்த வேலைகளின் கணக்கைக் கேட்பதும் இந்தச் சபையின் அதிகாரம்.

கூட்டம் வருடத்துக்கு ஆறு முறை. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்தநாள் ஆகிய நான்கும் பழையவை. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளும், நவம்பர் 1 உள்ளாட்சிகள் நாளும் பின்னால் சேர்ந்தவை. கூட்டம் செல்லுபடியாக எத்தனை பேர் வர வேண்டும் என்பது மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50, மூவாயிரம் வரை 100, பத்தாயிரம் வரை 200, அதற்கு மேல் 300. எங்கள் பக்கத்தில் பல ஊராட்சிகளில் இந்த எண்ணிக்கையைச் சேர்ப்பதே பாடு. கூட்டம் நடந்த அன்று பதிவேட்டில் எத்தனை கையெழுத்து விழுந்தது என்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆள் குறைந்த கூட்டத்தின் தீர்மானத்தைப் பின்னால் யாரும் கேள்வி கேட்கலாம்.

செட்டிநாடு பரவியிருக்கும் சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டங்களிலும் 2019 டிசம்பரில் தேர்வான ஊராட்சித் தலைவர், உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, பொறுப்பு தனி அலுவலரிடம் போனது. "தலைவரே இல்லை, அப்புறம் என்ன கிராம சபை?" என்று அப்போது பலர் கேட்டார்கள். தலைவர் இல்லாவிட்டாலும் சபை உண்டு. சபை என்பது வாக்காளர்கள், தலைவர் அல்ல. தனி அலுவலர் காலத்திலும் கூட்டம் நடக்க வேண்டும், தீர்மானம் எழுத வேண்டும்.

வருடத் திட்டம் எப்போது எழுதப்படுகிறது

கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் என்பது இதன் பெயர். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் ஜி.பி.டி.பி. என்பார்கள். ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கான திட்டம் அதற்கு முந்தைய அக்டோபர் 2 கிராம சபையில் இருந்தே உருவாகிறது. அதன்பின் தகவல் திரட்டுவார்கள், மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு தயாரிக்கும் வறுமை ஒழிப்புத் திட்டத்தை இதில் சேர்ப்பார்கள், மறுபடியும் கிராம சபையில் வைத்து ஒப்புதல் வாங்கி, மத்திய அரசின் இ-கிராம் சுவராஜ் இணையதளத்தில் ஏற்றுவார்கள். 2020 ஏப்ரலில் தொடங்கிய அந்தத் தளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால் உங்கள் ஊர்த் திட்டத்தை யாரும் பார்க்கலாம். பயனர் பெயர், கடவுச்சொல் எதுவும் வேண்டாம். இதை ஒரு தடவையாவது பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நம் ஊரில் என்ன வேலைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பது நம் கைப்பேசியில் இருக்கும்போது, அது தெரியாமல் டீக்கடையில் பேசி என்ன பயன்?

ஆக, ஊருணிக்காக மே 1 கூட்டத்தில் கேட்டால் அந்த வருடத் திட்டம் முடிந்துபோயிருக்கும். கேட்க வேண்டிய நாள் அக்டோபர் 2.

எந்தப் பணத்தில் என்ன செய்யலாம்

ஊராட்சிக்கு வரும் பணத்தில் சொந்த வருவாய் ஒரு பங்கு. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் போன்றவை அதில் அடங்கும். மாநில நிதி ஆணைய மானியம் இன்னொன்று. மத்திய நிதி ஆணைய மானியம் மூன்றாவது. இதில் நமக்குப் பயன்படும் ஒரு விவரம் இருக்கிறது. 2021 முதல் 2026 வரைக்கான 15-வது நிதி ஆணையம் தன் மானியத்தில் 60 விழுக்காட்டை இன்ன வேலைக்குத்தான் என்று கட்டிவைத்தது. அதில் பாதி சுகாதாரத்துக்கு. மறுபாதி குடிநீர், மழைநீர்ச் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு. மீதி 40 விழுக்காடு ஊரின் தேவைப்படி, ஆனால் சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் கூடாது என்றது.

இதைப் படித்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. நம் ஊருணி என்ன? மழைநீர்ச் சேகரிப்புதானே! செட்டிநாட்டு வீடுகளின் ஓட்டுக்கூரையில் இருந்து வளவுக்குள், அதாவது நடுமுற்றத்துக்குள், விழும் தண்ணீர் தெருக்காலுக்கு வந்து, அங்கிருந்து ஊருணிக்குப் போகும்படி அந்தக் காலத்திலேயே வாட்டம் பார்த்துக் கட்டினார்கள். வற்றாத ஆறு இல்லாத சீமையில் குடிதண்ணீருக்கு வேறு வழி கிடையாது. ஆகவே மனுவில் "ஊருணியை அழகுபடுத்த வேண்டும்" என்று எழுதாதீர்கள். "மழைநீரைச் சேகரிக்க ஊருணியைத் தூர்வாரி, வரத்துக்காலைச் சீரமைக்க வேண்டும்" என்று எழுதுங்கள். சொல் மாறினால் எந்த நிதியில் சேரும் என்பதும் மாறும்.

ஆனால் அதற்கு முன்னால் ஊருணி யாருடையது என்று பார்த்துவிட வேண்டும். பெரும்பாலான ஊருணிகள் ஊராட்சியின் பராமரிப்பில் இருக்கும். சில கோயிலுக்குச் சொந்தம், சில குடும்பத்தார் வெட்டியவை, அவர்கள் பெயரிலேயே இருக்கும். கண்மாய் என்றால் கணக்கு வேறு: 40 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய நூறு ஏக்கர் ஆயக்கட்டுக்கு (பாசனம் பெறும் நிலத்துக்கு)க் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக் கண்மாய், அதற்கு மேல் போனால் நீர்வளத் துறைக் கண்மாய். நீர்வளத் துறைக் கண்மாயை ஊராட்சித் திட்டத்தில் சேர்க்கச் சொன்னால் அது வெறும் பரிந்துரையாகத்தான் போகும். வருவாய்த் துறையின் "அ" பதிவேட்டில் புல எண்ணைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். இணையத்திலேயே எடுக்கலாம், கிராம நிர்வாக அலுவலரிடமும் கேட்கலாம்.

கேட்கும் விதம்

போன அக்டோபர் 2 அன்று என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன். ஊராட்சி அலுவலக வாசலில் சாமியானா, சுமார் நூற்று இருபது பேர். வாசித்த தீர்மானங்களில் ஊருணி இல்லை. பின்வரிசையில் இருந்து ஆச்சி ஒருவர் எழுந்தார். எழுபதைத் தாண்டியவர், பேச்சு மட்டும் கணீரென்று இருக்கும்.

"ஏம்ப்பா தம்பி, ஊருணி வேலையை எழுதினியா?"

"எழுதிக்கிறேன் ஆச்சி, நீங்க உக்காருங்க."

"உக்காந்தா நீ மறந்துருவே. இப்பவே எழுதி, எழுதினதை வாசி. கேட்டுட்டு உக்கார்றேன்."

ஆச்சி கேட்ட ஊராட்சிச் செயலர் எழுதினார், வாசித்தார். "ஊருணியைத் தூர்வார வேண்டும் எனப் பொதுமக்கள் கேட்டுக்கொண்டனர்." நான் எழுந்து, தயாராக எழுதி வைத்திருந்த தாளைக் கொடுத்தேன். அதில் ஊருணியின் புல எண், வரத்துக்காலின் புல எண், எந்த இடத்தில் இருந்து எந்த இடம் வரை எத்தனை மீட்டர், நடுவில் உடைந்து கிடக்கும் மடை ஒன்று, படித்துறையில் சரிந்த கல், எல்லாம் இருந்தன. அதையே தீர்மானமாக மாற்றி எழுதச் சொன்னோம். "கேட்டுக்கொண்டனர்" என்றால் அது கோரிக்கை. "வரும் ஆண்டு வளர்ச்சித் திட்டத்தில் சேர்ப்பதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்றால் அது தீர்மானம். இந்த ஒரு வரி மாறத்தான் மூன்று வருடம் ஆனது எங்களுக்கு.

புல எண்ணும் அளவும் ஏன் என்றால், ஒன்றியத்துப் பொறியாளரும் ஓவர்சியரும் அதை வைத்துத்தான் எஸ்டிமேட் போட முடியும். எஸ்டிமேட் இல்லாமல் தொழில்நுட்ப அனுமதி இல்லை, அது இல்லாமல் நிர்வாக அனுமதி இல்லை. தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, 30 நாளில் பதில் வர வேண்டும்.

வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரர்கள்

செட்டிநாட்டுக்கே உரிய சிக்கல் இது. தெருவில் பத்து வீடு இருந்தால் ஆறு வீடு பூட்டிக் கிடக்கிறது. சொந்தக்காரர்கள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். வீட்டு வரி கட்டுகிறார்கள், ஊர்த் திருவிழாவுக்கு வருகிறார்கள், ஊர்மேல் அக்கறையும் நிறைய. ஆனால் வாக்காளர் பட்டியலில் பெயர் வேறு ஊரில் இருப்பதால் இங்கே கிராம சபை உறுப்பினர் ஆக முடியாது. இதில் மனவருத்தப்படுகிறவர்களை எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த விதி சரி என்றே நினைக்கிறேன். அன்றாடம் இந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள்தான் முடிவு சொல்ல வேண்டும்.

அவர்களுக்கு வேறொரு வாசல் திறந்திருக்கிறது. நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால் மீதியை அரசு போடும். ஆதிதிராவிடர் குடியிருப்பில் நடக்கும் வேலை என்றால் ஐந்தில் ஒரு பங்கு போதும். முன்னோர் வெட்டிய ஊருணிக்கு வெளியூர்க்காரர்கள் தனித்தனியாகக் கொட்டும் பணத்தை இந்த வழியில் கொடுத்தால் அது மும்மடங்கு வேலையாகும். கோயில் குடமுழுக்குக்குச் சேரும் தொகையில் சிறு பகுதி இதற்குத் திரும்பினாலே பல ஊருணிகள் பிழைத்துவிடும்.

இங்கே குன்றக்குடியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. குன்றக்குடி அடிகளார் 1970களில் தொடங்கிய கிராமத் திட்டத்தின் அடிப்படையே, முதலில் ஊரின் நிலம், நீர், வேலையில்லாதவர் எல்லாவற்றையும் கணக்கெடுப்பதுதான். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தாரின் தொழில்நுட்பத்தைக் கேட்டு வாங்கி ஊருக்குள் தொழில் கொண்டுவந்தார்கள். நாட்டின் திட்டக் குழுவே அதை மாதிரியாக எடுத்துப் பேசியது. வளர்ச்சித் திட்டம் என்ற படிவம் வருவதற்கு நாற்பது வருடம் முன்னால் பக்கத்து ஊரில் செய்துகாட்டியிருக்கிறார்கள்.

எங்கள் தீர்மானத்துக்குப் பிறகு தை மாதம் ஓவர்சியர் வந்தார். நாங்கள் நாலு பேர் டேப் பிடித்தோம். புலப்படத்தில் வரத்துக்கால் ஆறு மீட்டர் அகலம். தரையில் அளந்தால் ஓரிடத்தில் மூன்றுக்கும் குறைவு, மீதி வேலிக்குள் போயிருந்தது. ஆக்கிரமிப்பை அகற்றாமல் தூர்வாரினால் முதல் மழையில் மறுபடி அடைத்துக்கொள்ளும் என்றார் அவர். நியாயம்தான். அதற்கு ஊராட்சி போதாது. அரசுப் புறம்போக்கு என்றால் நில ஆக்கிரமிப்புச் சட்டம், 1905-ன் கீழ் வட்டாட்சியர்தான் அறிவிப்புக் கொடுத்து அகற்ற வேண்டும். அளந்து எல்லைக்கல் நடச் சொல்லி வட்டாட்சியருக்கு மனுக் கொடுத்திருக்கிறோம், தீர்மான நகலையும் புலப்படத்தையும் இணைத்து. ஒப்புகைச் சீட்டு ஆச்சியிடம் இருக்கிறது.