பச்சை விளக்கு பொய் சொல்லும் நேரங்கள்

ரெய்டு-5 முறையில் ஐந்து ஹார்ட் டிஸ்குகளைப் பிணைத்த சர்வரில் ஒரு டிஸ்க் செத்துப்போனால் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. கோப்பு திறக்கும், பில் அச்சாகும், கணக்கு முடியும். மீதி நான்கு டிஸ்குகளில் இருப்பதை வைத்து, காணாமல் போனதை சர்வர் அந்தந்த நொடியில் கணக்கிட்டுக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கோளாறு வெளியே தெரியக் கூடாது என்பதற்காகவே செய்த வடிவமைப்பு அது. ஆனால் மறைந்திருப்பதைத் தேடிப் பார்க்க ஆளில்லை என்றால், இரண்டாவது டிஸ்க் போகும் நாளில்தான் முதல் டிஸ்க் போன சேதியே தெரியவரும். அன்று அந்த சர்வரில் மீட்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

இரட்டை பவர் சப்ளை, இரண்டு இணைய இணைப்பு, யுபிஎஸ் எல்லாம் இதே ரகம்தான். ஒன்று போனால் மற்றது சத்தமில்லாமல் சுமக்கும். மௌனம் சம்மதம் என்பார்கள். சர்வர் அறையில் மௌனத்துக்குப் பல அர்த்தங்கள் உண்டு, அவற்றில் 'நலம்' என்பது ஒன்று மட்டுமே. நிறுவனக் கணினிகளை வேறோர் இடத்திலிருந்து கண்காணித்துப் பராமரிக்கும் ஆர்.எம்.எம். முறை, அந்த மௌனத்தைப் பேசவைப்பதற்காக உள்ளது.

சர்வர்கள், மேசைக்கணினிகள், மடிக்கணினிகளில் ஏஜென்ட் என்ற சிறு மென்பொருளை நிறுவுவார்கள். அது பின்னணியில் ஓடி, சிபியு, நினைவகம், டிஸ்க், சேவைகள், நிகழ்வுப் பதிவுகள் எல்லாவற்றையும் படித்து, நிமிடத்துக்கு ஒரு முறையோ சில நிமிடங்களுக்கு ஒரு முறையோ மைய சர்வருக்கு அனுப்பும். இணைப்பைத் தொடங்குவது ஏஜென்ட்தான்: உள்ளிருந்து வெளியே, வழக்கமாக 443-ஆம் போர்ட் (எண்ணிட்ட நெட்வொர்க் வாசல்) வழியாக, மறையாக்கத்துடன். ஆகவே ஃபயர்வாலில் வெளியிலிருந்து உள்ளே வர வழி எதுவும் திறக்க வேண்டியதில்லை. யாராவது திறக்கச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

நெட்வொர்க் சுவிட்ச் (கணினிகளை வயரால் இணைக்கும் பெட்டி), பிரின்டர், யுபிஎஸ் போன்றவற்றில் ஏஜென்ட்டை நிறுவ முடியாது. அவற்றோடு பேச எஸ்.என்.எம்.பி. என்ற நெறிமுறை இருக்கிறது. 1988-இல் வந்தது, இன்றும் ஓய்வு பெறவில்லை. மைய சர்வர் யு.டி.பி. என்ற அனுப்பும் முறையில் 161-ஆம் போர்ட்டில் கேள்வி கேட்கும், கருவி பதில் சொல்லும். அவசரமென்றால் கருவி தானாகவே 162-ஆம் போர்ட்டுக்கு 'டிராப்' என்ற செய்தியை அனுப்பும். யு.டி.பி.யில் போய்ச் சேர்ந்ததற்கு ரசீது கிடையாது. வழியில் டிராப் தொலைந்தால் தொலைந்ததுதான். அதனால் டிராப்பை மட்டும் நம்பாமல் கேள்வி கேட்டுக்கொண்டும் இருக்க வேண்டும். முதல் இரண்டு பதிப்புகளில் கடவுச்சொல் மறையாக்கம் இல்லாமல் வெறுமனே பயணிக்கிறது. பல கருவிகளில் அது 'பப்ளிக்' என்ற தயாரிப்பு நிலைச் சொல்லாகவே கிடக்கும். மூன்றாம் பதிப்பில் மறையாக்கம் உண்டு.

இங்கே ஒரு கணக்குப் பொறி காத்திருக்கிறது. சுவிட்சின் ஒரு போர்ட் (இங்கே வயர் செருகும் துளை) வழியே எத்தனை பைட் போனது என்பதைப் பழைய எண்ணி (கவுன்டர்) 32 பிட்டில் வைத்திருக்கிறது. அது 4,294,967,296-ஐ எட்டியதும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும், காரின் கிலோமீட்டர் மீட்டர் சுற்றிவருவதைப் போல. ஒரு கிகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் நொடிக்கு 12.5 கோடி பைட். அந்த எண்ணி 34 நொடியில் ஒரு சுற்று முடித்துவிடும். நீங்கள் 5 நிமிடத்துக்கு ஒரு முறை படிக்கிறீர்கள் என்றால் இடையில் எட்டுச் சுற்று போயிருக்கும், உங்களுக்குத் தெரிவது மிச்சம் மட்டுமே. மூச்சுத் திணறும் இணைப்பு வரைபடத்தில் சும்மா இருப்பதாகத் தெரியும். 64 பிட் எண்ணியைப் படித்தால் இதே வேகத்தில் ஒரு சுற்றுக்கு 4,600 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அது எஸ்.என்.எம்.பி.யின் முதல் பதிப்பில் கிடையாது, இரண்டாவதிலிருந்துதான் உண்டு.

எதைக் கோளாறு என்று சொல்வது? இதில்தான் கைப்பக்குவம் தேவைப்படுகிறது. சிபியு இரண்டு நொடி 95 சதவீதம் தொட்டால் அது வேலை செய்கிறது என்று பொருள்; 15 நிமிடம் அங்கேயே நின்றால் விசாரிக்கலாம். பிங் (கருவி பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறு அழைப்பு) ஒரு முறை தவறினால் கண்டுகொள்ளாமல், தொடர்ந்து மூன்று முறை தவறினால் எச்சரிப்பது வழக்கம். எச்சரிக்கை எழும் அளவும் அடங்கும் அளவும் ஒன்றாக இருக்கக் கூடாது. டிஸ்க் 90 சதவீதத்தில் எழுந்தால் 85-க்கு இறங்கிய பிறகே அடங்க வேண்டும். இல்லாவிட்டால் 89-க்கும் 91-க்கும் இடையே ஊசலாடும் ஒரு டிஸ்க் இரவு முழுக்கத் தொலைபேசியை அலறவைக்கும்.

டிஸ்குக்குச் சதவீதமே சரியான அளவுகோல் அல்ல. 100 ஜிபி டிஸ்கில் 10 சதவீதம் என்றால் 10 ஜிபி; 10 டிபி டிஸ்கில் அது ஒரு டிபி. கேட்க வேண்டியது 'எத்தனை நாள் தாங்கும்' என்பதை. 40 ஜிபி காலி, நாளுக்கு 2 ஜிபி நிரம்புகிறது என்றால் 20 நாள், நிதானமாக வேலை பார்க்கலாம். ஆனால் பிழைப்பதிவு எழுதும் நிரல் ஒன்றுக்குப் பைத்தியம் பிடித்தால் அதே 40 ஜிபி ஓர் இரவில் நிரம்பிவிடும். ஆகவே இரண்டு வாரச் சரிவையும் கடைசி ஒரு மணி நேரச் சரிவையும் தனித்தனியே கணக்கிட வேண்டும். லினக்ஸ் சர்வர்களில் இன்னொன்று: லட்சக்கணக்கில் குட்டிக் கோப்புகள் சேர்ந்து ஐநோடுகள் (கோப்புக்கு ஒன்றாகத் தேவைப்படும் பதிவிடங்கள்) தீர்ந்துபோனால், பாதி டிஸ்க் காலியாக இருக்கும்போதே 'இடமில்லை' என்று கையை விரிக்கும்.

டிஸ்க் சாவதை முன்கூட்டியே அறிய ஸ்மார்ட் என்ற உட்கண்காணிப்பு உண்டு. கெட்டதால் மாற்றி ஒதுக்கிய செக்டார்கள் (டிஸ்க் பரப்பின் சிறு துண்டுகள்), படிக்க முடியாமல் நிலுவையில் உள்ள செக்டார்கள் போன்றவற்றை டிஸ்கே எண்ணி வைத்திருக்கும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து கூகுள் ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட முடிவுகளை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கலாம். முதல் ஸ்கேன் பிழை (டிஸ்க் தன் பரப்பைச் சோதிக்கும்போது தெரியும் பிழை) காட்டிய டிஸ்க் 60 நாளுக்குள் சாகும் வாய்ப்பு, பிழை காட்டாததைவிட 39 மடங்கு. அதே ஆய்வில், செத்த டிஸ்குகளில் 56 சதவீதத்துக்கு மேற்பட்டவை முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. டிஸ்க் முனகினால் உடனே மாற்றுங்கள். முனகவில்லை என்பதால் நம்பிவிடாதீர்கள்.

பேக்கப்பில் மௌனம் இன்னும் ஆபத்தானது. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமிக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் முதன்மைத் தரவுத்தளத்தில் சுமார் 300 ஜிபியைத் தவறுதலாக அழித்தார். தினசரி பேக்கப்பை எடுக்கப் போனபோது அது இல்லை. தரவுத்தளப் பதிப்பும் பேக்கப் கருவியின் பதிப்பும் பொருந்தாமல் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் கிளம்பின. ஆனால் அனுப்புநர் சரிபார்ப்பில் தேறாமல் பெறும் பக்கத்தில் நிராகரிக்கப்பட்டன. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது.

'தோற்றால் சொல்' என்ற ஏற்பாட்டின் ஓட்டை இதுதான்: சொல்ல வேண்டியவனே செத்துவிட்டால்? தலைகீழாக அமைப்பதே சரி. பேக்கப் வெற்றியாக முடிந்ததும் மைய சர்வருக்கு ஒரு துடிப்பு அனுப்ப வேண்டும். தினசரி பேக்கப் என்றால் 26 மணி நேரம் துடிப்பு வரவில்லையெனில் எச்சரிக்கை எழ வேண்டும். கூடவே நேற்றைய அளவோடு ஒப்பிட வேண்டும்: 80 ஜிபி வந்த இடத்தில் இன்று 4 கேபி வந்தால் 'வெற்றி' என்ற சொல்லுக்கு மதிப்பில்லை. மாதம் ஒரு முறை வேறொரு கணினியில் மீட்டுப் பார்ப்பதற்கு மாற்றே கிடையாது.

இணையச் சேவைகளின் அடையாளத்தை உறுதிசெய்யும் டிஜிட்டல் சான்றிதழ்களும் இப்படித்தான் திடீரென்று காலாவதியாகும். 2020 பிப்ரவரி 3 அன்று மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் சேவை சில மணி நேரம் படுத்ததற்குக் காரணம் ஒரு காலாவதியான சான்றிதழ். இணையதளச் சான்றிதழின் உச்சபட்ச ஆயுள் 398 நாளாக இருந்தது. 2026 மார்ச்சிலிருந்து 200 நாள், 2029 மார்ச்சில் 47 நாள். கையால் புதுப்பிக்கும் காலம் முடிகிறது. தானியக்கம் போட்டாலும் ஓர் இடத்தில் வழுக்கும்: புதிய கோப்பு டிஸ்கில் வந்து உட்கார்ந்திருக்கும், வெப் சர்வரோ மறுதொடக்கம் செய்யப்படாமல் பழையதையே நீட்டிக்கொண்டிருக்கும். கோப்பைப் படிக்காமல், வெளியிலிருந்து இணைந்து சர்வர் உண்மையில் எதைக் காட்டுகிறது என்று படியுங்கள்.

எச்சரிக்கை குவிவதும் மௌனத்துக்குச் சமம். ஒரு சுவிட்ச் விழுந்தால் அதன் பின்னாலுள்ள 40 கணினிகளும் 'காணவில்லை' என்று கத்தும். எது தாய், எது பிள்ளை என்று சொல்லிவைத்தால் ஒரே எச்சரிக்கையோடு முடியும். பெற்றவர் செய்வதற்கு ஒன்றுமில்லாத எச்சரிக்கையை நீக்கிவிடலாம்.

பராமரிப்பின் பெரும்பகுதி பேட்ச் (மென்பொருள் ஓட்டையை அடைக்கும் திருத்தம்) போடுவது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை தீநிரல் 2017 மே 12 அன்று பரவியபோது, அதைத் தடுக்கும் விண்டோஸ் பேட்ச் மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டிருந்தது. தாமதித்தால் அந்தக் கதி. அவசரப்பட்டால் வேறு கதி. 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய பழுதான கோப்பு 78 நிமிடத்தில் திரும்பப் பெறப்பட்டும், மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் சாய்த்தது. ஆகவே முதலில் 5 சதவீதக் கணினிகளுக்கு, ஓரிரு நாள் கழித்து அடுத்த வட்டத்துக்கு, பிறகு எல்லோருக்கும் என்று போவது நல்லது. டாஷ்போர்டில் 'பேட்ச் நிறுவப்பட்டது' என்று பச்சை எரிந்தாலும் ரீபூட் நிலுவையில் இருந்தால் நினைவகத்தில் ஓடுவது பழைய நிரல்தான்.

அந்த ஜூலை நாள் இன்னொன்றையும் காட்டியது. இயங்குதளமே எழாத கணினியில் ஏஜென்ட் எப்படிப் பேசும்? சர்வர்களில் இதற்கென பி.எம்.சி. என்ற தனிச் சிப் இருக்கிறது. பல மாடல்களில் அதற்கென்றே தனி நெட்வொர்க் போர்ட்டும் உண்டு. சர்வர் அணைந்திருந்தாலும் மின்சாரம் இருந்தால் போதும், திரையைப் பார்க்கலாம், பவரைப் போட்டு அணைக்கலாம். பெரும்பாலான மேசைக்கணினிகளில் அந்த வசதி இல்லை. அதனால்தான் அவற்றை ஒவ்வொன்றாக நேரில் போய்ச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

எல்லாக் கணினியிலும் உச்ச அதிகாரத்தோடு ஓடும் மென்பொருள் என்பதால், ஆர்.எம்.எம். திருடனுக்கும் கொத்துச்சாவிதான். 2021 ஜூலை 2 அன்று கசேயா நிறுவனத்தின் இத்தகைய மென்பொருளிலிருந்த ஓட்டை வழியே, 60-க்கும் குறைவான சேவை நிறுவனங்களைத் தாண்டி அதிகபட்சம் 1,500 நிறுவனங்கள் வரை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் பணயத் தாக்குதல் போய்ச் சேர்ந்தது. இரட்டை உறுதிப்படுத்தல் இல்லாமல் யாரும் உள்ளே நுழையக் கூடாது. நூறு கணினிகளில் ஒரே நேரத்தில் ஓடும் ஸ்கிரிப்டுக்கு இரண்டாவது ஆள் ஒப்புதல் தர வேண்டும்.

ஏற்பாடு முடிந்ததும் வேண்டுமென்றே சிலவற்றைக் கெடுத்துப் பாருங்கள். ஒரு கணினியில் ஏஜென்ட்டை நிறுத்துங்கள். சோதனை சர்வரின் டிஸ்கில் பயனற்ற பெரிய கோப்பு ஒன்றைக் கொட்டி நிரப்புங்கள். ஓர் இரவு சோதனை சர்வரின் பேக்கப்பை முடக்குங்கள். இரட்டை பவர் சப்ளையில் ஒரு வயரை உருவுங்கள், மற்றது வேலை செய்வதை உறுதிசெய்துகொண்ட பிறகு. ஒவ்வொன்றுக்கும் எச்சரிக்கை யாருடைய கைக்கு, எத்தனை நிமிடத்தில் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ரெய்டு டிஸ்கை மட்டும் ஓடும் சர்வரிலிருந்து உருவ வேண்டாம். மறுகட்டமைப்பு மணிக்கணக்கில் ஓடும், அதற்குள் இன்னொரு டிஸ்க் போனால் சோதனையே விபத்தாகிவிடும்.