பினாமி: பணம் ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது

வருமான வரித் துறை எங்கேயாவது சோதனைக்குப் போனால் போதும், மறுநாள் காலை டீக்கடையில் இந்தச் சொல் அடிபடும். ‘அந்த ஆளுக்கு இவன்தான் பினாமியாம்.’ செய்தித்தாளும் அப்படித்தான் எழுதுகிறது: முன்னாள் அமைச்சரின் பினாமி வீட்டில் சோதனை. இவ்வளவு பழகிப்போன சொல்லை நாம் கொஞ்சம் இடம் மாற்றி வைத்துப் பேசுகிறோம். அதில் ஒரு அரசியலும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பினாமி பாரசீகத்திலிருந்து வந்தது. ‘பே’ என்றால் இல்லாத, ‘நாம்’ என்றால் பெயர். பெயரில்லாதது என்பது நேர்ப்பொருள். இதோடு ஒட்டிப் பிறந்தது போல இன்னொரு பாரசீகச் சொல்லும் உண்டு: ‘பனாம்’, அதாவது இன்னாரின் பெயரால். வட இந்திய நீதிமன்றங்களில் இந்தியில் வழக்கின் தலைப்பை எழுதும்போது வாதிக்கும் பிரதிவாதிக்கும் நடுவே இந்தப் ‘பனாம்’தான் நிற்கும், நாம் ‘எதிர்’ என்று போடுகிற இடம் அது. பினாமி சொத்து என்பதில் இந்த இரண்டு பொருளும் கலந்தே கிடக்கின்றன. உண்மையான உடைமையாளரின் பெயர் பத்திரத்தில் இல்லை. வேறொருவர் பெயரால் சொத்து நிற்கிறது.

பாரசீக ‘நாம்’, வடமொழி ‘நாமம்’, ஆங்கில ‘நேம்’ மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. வடமொழி வழியாக நமக்கு வந்த ‘அநாமதேயம்’ அமைப்பில் பினாமிக்கு அண்ணன் முறை. ஆனால் பொருள் வேறு பக்கம் போய்விட்டது. அநாமதேயக் கடிதம் என்றால் எழுதியவர் பெயரே இல்லாத மொட்டைக் கடிதம். பினாமி சொத்து மொட்டைச் சொத்து அல்ல. அதில் பெயர் பளிச்சென்று இருக்கும், தப்பான பெயராக இருக்கும், அவ்வளவுதான்.

இந்தச் சொல் நம்மிடம் வந்தது நிலவரி, நீதிமன்ற நிர்வாகம் வழியாக. தாசில்தார், ஜமாபந்தி, ஜாமீன், ஜப்தி, வசூல் எல்லாம் வந்த அதே வண்டி. சரி, வந்தபோது இது வசைச்சொல்லா? இல்லை. கடன்காரர்களுக்குப் பயந்து மைத்துனன் பெயரில் நிலம் வாங்குவது, மகள் பெயர் ராசியானது என்று அவள் பெயரில் வீடு வாங்குவது எல்லாம் ஊர் வழக்கமாக இருந்தன. 1854இல், அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலே இதை இந்தியாவில் நடைமுறையில் உள்ள வழக்கம் என்று ஏற்றுக்கொண்டது. பணம் யார் கொடுத்தார் என்று பார், சொத்து அவருக்கே என்பதுதான் நீதிமன்றங்கள் பிடித்துக்கொண்ட கொள்கை. பினாமி ஏற்பாடு குற்றமானது 1988இல் வந்த சட்டத்தால்தான்.

அந்தச் சட்டத்தின் கதை தனி வேடிக்கை. மொத்தம் ஒன்பது பிரிவுகள். மூன்றாண்டு வரை சிறை என்றும், சொத்தை அரசு எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. எப்படி எடுப்பது என்பதற்கான விதிகளை மட்டும் யாரும் எழுதவில்லை. இருபத்தெட்டு ஆண்டுகள் பல்லில்லாமல் கிடந்தது. 2016இல் திருத்தி 72 பிரிவுகளாக்கினார்கள். அந்த ஆண்டு நவம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. இப்போது ஓராண்டு முதல் ஏழாண்டு வரை கடுங்காவல், சந்தை மதிப்பில் கால் பங்கு வரை அபராதம். 2016க்கு முந்தைய பரிமாற்றங்களுக்குத் திருத்தம் பொருந்தாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 அக்டோபரில் அந்தத் தீர்ப்பை அதுவே திரும்பப் பெற்றுக்கொண்டது. வழக்கறிஞர்களுக்கு நல்ல அறுவடை.

இனி நாம் இடம் மாற்றி வைத்த சங்கதிக்கு வருவோம். சட்டத்தில் பினாமி என்பது ஆளைக் குறிப்பதில்லை. பரிமாற்றம் பினாமி, சொத்து பினாமி. பெயர் கொடுத்தவர் ‘பினாமிதார்’, அந்தத் தாசில்தாரில் வரும் அதே ‘தார்’. பணம் போட்டு, பலனை அனுபவிப்பவருக்குத் தனிப் பெயர் வைத்திருக்கிறது சட்டம்: பயன்பெறும் உடைமையாளர். இருவருக்கும் தண்டனை உண்டு. தமிழில் நாம் ‘தார்’ஐ வெட்டிவிட்டோம், பெயர் கொடுத்தவனையே பினாமி ஆக்கிவிட்டோம். பணம் போட்டவருக்கோ பேச்சு வழக்கில் ஒரு பெயர்கூட இல்லை. அவர் ‘முக்கியப் புள்ளி’, அல்லது வெறும் ‘அவர்’. கார் ஓட்டுபவரும் சமையல்காரரும் தூரத்து உறவினரும் தலைப்புச் செய்தியில் பினாமியாக நிற்க, சொந்தக்காரர் நம் மொழியிலும் பெயரில்லாமல் தப்பித்துக்கொள்கிறார்.

நில உச்சவரம்புக் காலத்தை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டின் 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தைப் பொறுத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று வரம்பு வைத்தது. 1970இல் அது 15 ஆனது. உடனே நிலங்கள் உறவினர் பெயருக்கும் பண்ணையாட்கள் பெயருக்கும் மாறின. பண்ணையாளின் பெயர் ஆவணத்தில் ஏறியது, நெல் பழைய வீட்டுக் குதிருக்கே போனது. அந்தப் பண்ணையாளைப் போய்ப் பினாமி என்று திட்டுவதில் என்ன நியாயம்? அவனைக் கேட்டா எழுதினார்கள்?

சொத்தோடு சொல் நிற்கவில்லை, பதவிக்கும் தாவியது. பினாமி ஆட்சி என்று எதிர்க்கட்சி மேடைகளில் முழங்குவார்கள். என்னைக் கேட்டால் அங்கே அது பாதி வசை, பாதி அலங்காரம். சொல் உண்மையிலேயே பொருந்துகிற இடம் ஊராட்சி. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவிகள் 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. அங்கே ஆதிக்க சாதியினர் தேர்தலையே நடக்க விடாமல் செய்தார்கள். தங்களுக்குக் கட்டுப்பட்ட ஒருவரை நிறுத்தி, ஜெயித்ததும் பதவி விலக வைத்த கூத்தும் நடந்தது. 2006இல்தான் அங்கே முறையாகத் தேர்தல் முடிந்தது. இதே ஒதுக்கீட்டில் மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவரான முருகேசன் யாருக்கும் பெயரை இரவல் தரவில்லை. 1997 ஜூனில் வெட்டிக் கொல்லப்பட்டார். மறுத்தால் என்ன ஆகும் என்பது தெரிந்த ஊரில், தலையாட்டிய தலைவரைப் பினாமி என்று கிண்டல் செய்வது எளிது. இன்று பெண்களுக்குப் பாதி இடம் என்றான பிறகும் எத்தனையோ ஊர்களில் நாற்காலியில் கணவர் உட்கார்ந்திருக்கிறார். அங்கேயும் கேலி மனைவிக்குத்தான்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘போலிப்பெயர்’ என்று சிலர் எழுதுகிறார்கள். இல்லாத ஆளின் பெயரில் பதிந்த சொத்துக்கு அது சரி. சட்டம் அதையும் ஒரு வகையாகச் சேர்த்திருக்கிறது. பெரும்பாலும் ஆள் இருக்கிறார், பெயரும் அவருடையதே, எனவே போலி என்பது ஒட்டாது. ‘புனைபெயர்’ எழுத்தாளர்களுக்குப் போய்விட்டது. ‘பதிலி’ நல்ல சொல்தான். ஆனால் பதிலி வாக்கு, பதிலாள் எல்லாம் ஊரறிய நடப்பவை, இதுவோ மறைவில் நடப்பது. ‘கையாள்’ என்றால் அடியாள் வாடை வந்துவிடும்.

என் வாக்கு ‘இரவல் பெயர்’ என்பதற்கு. இரவல் நகை, இரவல் புடவை என்று நம் வீட்டில் புழங்கும் சொல். போட்டிருப்பவர் ஒருவர், பொருள் இன்னொருவருடையது, விசேஷம் முடிந்தால் திரும்பிவிடும் என்று கேட்டவுடன் புரியும். இங்கே இரவல் வாங்கியவர் பணக்காரர், கொடுத்தவர் எளியவர் என்பதுதான் வித்தியாசம். அதையும் இந்தச் சொல் காட்டிக் கொடுக்கிறது. இரவல் பெயர்ச் சொத்து, பெயர் கொடுத்தவர், பெயரை இரவல் வாங்கியவர். இதுவரை பெயரில்லாமல் தப்பித்த அந்தப் பணக்காரருக்கும் ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது பாருங்கள்.

அப்புறம், பலரும் கேட்கிற சந்தேகம் ஒன்று. கணக்கில் காட்டிய பணத்தில் மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் பெயரில் வாங்குவது பினாமி ஆகாது என்று சட்டம் விலக்குத் தருகிறது. பெற்றோர், உடன்பிறந்தோர் விஷயத்தில் அந்த விலக்கு, வாங்குபவரும் கூட்டு உடைமையாளராகப் பத்திரத்தில் இருந்தால்தான். பாசத்தில் ‘அம்மா பேர்லயே பதிஞ்சிடலாம்’ என்று கிளம்புகிறவர்கள், பத்திரப் பதிவுக்கு முன் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டுத் தங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்வது நல்லது.