அடக்கக் கூடாத மூச்சு

“மூச்சுப் பயிற்சி ஆரம்பிச்சதிலிருந்துதான் டாக்டர் படபடப்பு அதிகமாயிருச்சு.” போன மாதம் ஒரு அம்மா சொன்னது. ஐம்பது வயதிருக்கும், கணவர் தவறி எட்டு மாதம். ஏதோ வீடியோவைப் பார்த்து 16 எண்ணி இழுத்து, 64 எண்ணி அடக்கி, 32 எண்ணி விட்டுக்கொண்டிருந்தார்.

கணக்கு தப்பில்லை, திருமந்திரத்திலேயே இருக்கிறது. ஆனால் பல காலம் பழகியவர்களுக்கான அளவு அது. முதல் வாரத்திலேயே முயன்றால் உடம்பு மிரண்டுபோகும்.

மூச்சு விடச் சொல்லிப் பார்த்தேன். தோள்கள் ஏறி இறங்கின, வயிறு அசையவே இல்லை. உடம்பின் அசைவுகளையெல்லாம் நடத்துவது வாதம்; அதன் ஐந்து பிரிவுகளில் ஒன்றான பிராணனுக்கு இடம் தலை என்கிறது ஆயுர்வேதம். புத்தியையும் மனதையும் தாங்குவது அதுதான். அது அலைபாயும் நேரத்தில் மூச்சை இறுக்கிப் பிடித்தால் இன்னும் கிளறிவிடும். அடக்கக் கூடாத இயற்கை வேகங்கள், அதாவது உடம்பின் உந்துதல்கள் என்று பழைய ஆயுர்வேத ஆசிரியர் சரகர் 13 சொல்கிறார். தும்மல், பசி, தூக்கத்தோடு, உழைத்துக் களைத்தபின் வாங்கும் மூச்சும் அதில் உண்டு. கண்ணீரும் உண்டு.

கண்ணீர் என்றதும் அந்த அம்மா தலைகுனிந்தார். “பிள்ளைங்க முன்னாடி அழக்கூடாதுன்னு...” மேலே பேச முடியவில்லை. அழட்டும் என்று காத்திருந்தேன்.

அப்புறம் அவர் விரல்களை அவருடைய மணிக்கட்டு நாடியிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன். மூக்கால் 4 எண்ணி இழுங்கள், 6 எண்ணி மெல்ல விடுங்கள், நடுவில் அடக்க வேண்டாம். மூச்சு வெளியே போகும்போது துடிப்பு சற்று நிதானமாகும்; மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பின் வேலை அது. நான்காவது சுற்றில் “ஆமா, மெதுவாகுது” என்றார். காலையில் வெறும் வயிற்றில் ஐந்து நிமிடம், படுக்கும் முன் ஐந்து நிமிடம், அவ்வளவு போதும். இது படிந்த பிறகு மூக்கின் இரு பக்கமும் மாற்றி மாற்றி விடும் நாடி சுத்தி, வண்டுபோல் ரீங்கரிக்கும் பிராமரி.

ரத்தக்கொதிப்பு, இதய நோய், வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வேகமாக மூச்சு விடும் கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை அடக்கும் கும்பகம் எதையும் தாமாகத் தொடங்கிவிடாதீர்கள். மனநல மருந்து சாப்பிடுகிறவர்கள் மூச்சுப் பயிற்சியை நம்பி மாத்திரையை நிறுத்தவே கூடாது. படபடப்போடு நெஞ்சுவலி இருந்தால் முதலில் இ.சி.ஜி.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா வந்தார். படபடப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் ராத்திரி தூக்கம் வருகிறதாம். மகளோடு உட்கார்ந்து ஒருநாள் நன்றாக அழுதேன் என்றார்.