காலி தண்ணீர் பாட்டிலுக்கு யார் பொறுப்பு?

குடித்து முடித்த தண்ணீர் பாட்டிலை யார் அப்புறப்படுத்த வேண்டும்? வாங்கியவரோ, குப்பை அள்ளும் நகராட்சியோ என்றுதான் பலரும் நினைக்கிறோம். 2016 ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் இன்னொருவரையும் கைகாட்டுகின்றன. அவர், பாட்டிலில் தன் பெயரை அச்சிட்டு விற்ற நிறுவனத்தார். சந்தைக்கு அனுப்பிய பிளாஸ்டிக்கைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது அவர் கடமை. 'விரிவாக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு' என்பது இதன் பெயர்.

இந்தக் கடமைக்கு அளவு வகுத்தது 2022 பிப்ரவரியில் வந்த திருத்தம். சந்தைக்கு அனுப்பிய பிளாஸ்டிக்கில் 2021-22 இல் 25 சதவீதம், அடுத்த ஆண்டு 70, 2023-24 முதல் முழு அளவு. இரண்டு மாநிலங்களுக்கு மேல் விற்கும் நிறுவனம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும், மற்றவை மாநில வாரியத்திலும் பதிவு செய்ய வேண்டும். தண்ணீர் பாட்டில் 'கடினப் பிளாஸ்டிக்' என்ற முதல் வகையில் வருகிறது. புதிய பாட்டில்களில் பழைய பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்து கலக்க வேண்டும் என்றும் அந்தத் திருத்தம் சொன்னது: 2025-26 இல் 30 சதவீதம், பின் ஆண்டுக்குப் பத்துப் பத்தாகக் கூடி 2028-29 இல் 60.

நிறுவனம் தானே தெருத்தெருவாகப் போய்ப் பொறுக்க வேண்டியதில்லை. மறுசுழற்சி ஆலைகள் எவ்வளவு பிளாஸ்டிக்கைப் பதப்படுத்தினவோ, அந்த அளவுக்குச் சான்றிதழ் பெறுகின்றன. அதை நிறுவனங்கள் விலைக்கு வாங்கிக் கணக்குக் காட்டலாம். இலக்கைத் தவறவிட்டால் சுற்றுச்சூழல் இழப்பீடு கட்ட வேண்டும். ஓராண்டுக்குள் குறையைச் சரிசெய்தால் அதில் 75 சதவீதம் திரும்பக் கிடைக்கும். தாமதமாகத் தாமதமாக அது 60, 40 என்று இறங்கும்.

எனக்குக் கவலை தருவது இந்தச் சான்றிதழ் ஏற்பாடுதான். சில ஆலைகள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உருவாக்கியிருந்ததை 2023 இல் மத்திய வாரியமே கண்டுபிடித்தது. காகிதத்தில் கணக்கு நேராகிவிடுகிறது. பாட்டில் வாய்க்காலில் கிடக்கிறது. உண்மையில் அதை எடுத்து மூட்டை கட்டிப் பழைய பொருள் கடையில் எடைக்குப் போடுகிறவர், குப்பை பொறுக்கிப் பிழைக்கும் ஏழை. நிறுவனம் சான்றிதழுக்குக் கொடுக்கும் பணத்தில் அவருக்கு இவ்வளவு என்று இந்த ஏற்பாடு எதையும் ஒதுக்கவில்லை.

இதைவிட நேரான வழி ஒன்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 2022 மே மாதம் நீலகிரியில் டாஸ்மாக் கடைகள் மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்ததும் திருப்பித் தரத் தொடங்கின. சென்னை உயர் நீதிமன்றத்தின் வழக்கிலிருந்து பிறந்த ஏற்பாடு அது. காட்டில் உடைந்த கண்ணாடி யானையின் காலைக் கிழிக்கிறது என்பதால் வந்தது. தண்ணீர் பாட்டிலுக்கும் இரண்டு ரூபாயோ ஐந்து ரூபாயோ முன்பணம் வைத்தால், அதைப் பொறுக்கி எடுப்பவர் கைக்கே காசு போகும். அரசு இதைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தடை விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது தண்ணீர் பாக்கெட், பாட்டில் அல்ல. 2022 ஜூலையில் நாடு முழுவதும் வந்த ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் தடையிலும் பாட்டில் இல்லை. மலைப்பகுதிகளில் நிலைமை வேறு. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை உண்டு. கொடைக்கானலில் பிடிபட்டால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. ஊட்டிக்குப் போகிறவர்கள் வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் எடுத்துச் செல்லுங்கள். வழியில் தண்ணீர் ஏடிஎம்கள் வைத்திருக்கிறார்கள், அங்கே நிரப்பிக்கொள்ளலாம்.

மற்ற ஊர்களில் காலி பாட்டிலை மக்கும் குப்பையோடு சேர்க்காமல், மூடியோடு தனியாகத் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். சாம்பார் படிந்த பாட்டிலுக்கு எடைக்கடையில் விலை குறைந்துவிடும்.