தானா நகர்ற கல்லும் நம்மூரு உறைபனியும்

அமெரிக்கால இருக்குற டெத் வேலி நேஷனல் பார்க் போறேன்னு போன்ல சொன்னதும் அம்மா, "பாலைவனத்துக்கு எதுக்குடா ஸ்வெட்டரு?"ன்னாங்க. ஊட்டில இருந்துகிட்டு கேக்குற கேள்வியா இது! ஜனவரில தலைகுந்தா புல்லு எப்படி வெள்ளையாகுது? மேகம் இருந்தா கம்பளி மாதிரி சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும், வானம் தெளிவா காத்து காஞ்சு போயிருந்தா பகல்ல தரை வாங்குன சூடெல்லாம் ராத்திரி அப்படியே மேல போயிடும், அதான் உறைபனி. அங்கயும் குளிர்காலத்துல அதே கணக்குதான்.

நான் பாக்கப் போனது ரேஸ்ட்ராக் பிளாயா, சுமார் 1,130 மீட்டர் உயரத்துல இருக்குற காஞ்ச ஏரி, கடைசி 43 கிலோமீட்டர் டயரைக் கிழிக்கிற ஜல்லி ரோடு (முதுகு போச்சு). வெடிச்ச சேத்துல அங்கங்க கல்லு, ஒவ்வொண்ணுக்குப் பின்னாடியும் யாரோ இழுத்துட்டுப் போன மாதிரி நீளமா கோடு, ஆனா காலடித்தடம் ஒண்ணுகூட கிடையாது.

புயல் காத்துதான் தள்ளுதுன்னு ரொம்ப நாள் சொல்லிட்டு இருந்தாங்க. ரிச்சர்ட் நாரிஸ், ஜேம்ஸ் நாரிஸ்ங்கிற ஆராய்ச்சியாளருங்களோட குழு வெளியிலேர்ந்து 15 கல்லு கொண்டுவந்து ஜிபிஎஸ் மாட்டி வச்சுட்டு காத்துட்டு இருந்து, 2013 டிசம்பர்ல கல்லு நகர்றதைக் கண்ணால பாத்தாங்க, 2014ல ஆய்வுக் கட்டுரையா எழுதினாங்க. மழை பெஞ்சு ஏரில சில சென்டிமீட்டர் தண்ணி நிக்கும். ராத்திரி அது மேல ஐஸ் கட்டும். தடிமன் 3லேர்ந்து 6 மில்லிமீட்டர்தான், நம்ம வாசல்ல வச்ச வாளித் தண்ணி மேல காலைல ஏடு கட்டியிருக்குமே, அவ்ளோதான். வெயில் ஏறுனா அந்த ஏடு பெரிய பெரிய தகடா உடைஞ்சு மிதக்கும், அப்ப மணிக்கு 15 கிலோமீட்டர் சொச்சம் காத்தடிச்சாலே போதும், ஏன்னா காத்து தள்ளுறது கல்லை இல்ல, பல மீட்டர் அகலத் தகட்டை, அது முட்டித் தள்ள வழுக்குற சேத்துல கல்லு நகருது, நிமிஷத்துக்கு 2லேர்ந்து 5 மீட்டர். ஒரே தகடு ரெண்டு மூணு கல்லைத் தள்ளுறதாலதான் பல கோடுங்க சேந்தாப்ல ஒரே பக்கம் திரும்புது.

தண்ணி, குளிரு, வெயிலு, காத்து நாலும் சேரணும், அதனால வருஷக்கணக்குல அசையாமயே கிடக்கும். நான் போனப்ப ஏரில ஒரு சொட்டு தண்ணி இல்ல, ஒரு கல்லும் நகரல.

"அசையாத கல்லைப் பாக்கவா அவ்ளோ தூரம் போன?"ன்னு அம்மா இன்னும் கேட்டுட்டு இருக்காங்க.