பழைய கட்டுரையைத் தானாகப் பகிரும் பிளகின்: உள்ளே நடப்பது என்ன?

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு, புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது. அன்று பகல் உள்ளூர் இணையத்தளம் ஒன்று, "புயல் இன்றிரவு கரையைக் கடக்கும், கரையோர மக்கள் இடம்பெயரவும்" என்று தலைப்பிட்டுச் செய்தி போட்டிருந்தது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கார்த்திகையில், வாடைமழை கொட்டிக்கொண்டிருக்கும் ஒரு காலையில், அந்தத் தளத்தின் பேஸ்புக் பக்கத்தில் அதே தலைப்பு மறுபடி வந்து நிற்கிறது. யாரும் பொத்தானை அழுத்தவில்லை. பழைய கட்டுரைகளைத் தானாக மறுபகிர்வு செய்யும் பிளகின் (தளத்தோடு சேர்க்கும் சிறு நிரல்) தன் முறை வந்ததும் போட்டிருக்கிறது. பகிர்வின் மேல் தெரிவது அன்றைய நேரம். செய்தி எந்த ஆண்டுக்குரியது என்று எங்கும் இல்லை. நிலாவெளியில் இருந்து மூதூர் வரை அது வாட்ஸ்அப்பில் ஓட அரை மணித்தியாலம் போதும்.

பிளகினில் கோளாறு எதுவும் இல்லை. அது எப்படித் தெரிவு செய்கிறது என்று தெரியாமல் ஓடவிட்டதுதான் பிழை.

இணையத்தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸில் இயங்கும் தளங்களுக்கு இப்படிப்பட்ட பிளகின்கள் பல உண்டு. அதிகம் அறியப்பட்டது ரிவைவ் ஓல்ட் போஸ்ட்ஸ். முதலில் ட்வீட் ஓல்ட் போஸ்ட் என்ற பெயரில் வந்தது. பிளாக்2சோஷியலும் பலர் பயன்படுத்துவது. பெயர் எதுவானாலும் அடிப்படை ஒன்றே. குறித்த நேரத்தில் விழித்தெழுந்து, தரவுத்தளத்தில் இருந்து ஒரு கட்டுரையை எடுத்து, தலைப்பையும் இணைப்பையும் சேர்த்து ஒரு வாசகம் கட்டி, பேஸ்புக்கிடமோ எக்ஸிடமோ (முன்னைய ட்விட்டர்) கொடுத்துவிட்டு மறுபடி உறங்கிவிடும்.

கட்டுரையை எடுக்கும் இடத்தில் பிளகின் தரவுத்தளத்தைக் கேட்பது மிகச் சில கேள்விகள்தான். வெளியான கட்டுரையா? வெளியாகி இத்தனை நாளுக்கு மேல் ஆனதா, இத்தனை நாளுக்குள் உள்ளதா? விலக்கச் சொன்ன வகையில் இருக்கிறதா? இந்தச் சுற்றில் ஏற்கெனவே பகிர்ந்தாயிற்றா? தேறியவற்றில் ஒன்றைக் குலுக்கலில் எடுக்கும். கட்டுரைக்குள் எழுதியிருப்பதை அது வாசிப்பதே இல்லை. கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழின் கதையும் ஒரு நாள் மின்தடை அறிவித்தலும் அதற்கு ஒன்றுதான். இரண்டுக்கும் ஒரு திகதி இருக்கிறது, அவ்வளவே.

ஆகவே பிளகினை ஓடவிட முன்னர் செய்ய வேண்டிய பெரிய வேலை, விலக்குவது. வேர்ட்பிரஸில் "காலம் கடந்தவை" என்று ஒரு புதிய வகை உண்டாக்குங்கள். கட்டுரைப் பட்டியல் ஒரு திரைக்கு 20 கட்டுரைகளைத்தான் காட்டும். மேலே உள்ள ஸ்க்ரீன் ஆப்ஷன்ஸில் அதை 200 ஆக்கினால் வேலை இலகு. தேவையில்லாதவற்றை டிக் செய்து, பல்க் எடிட்டில் அந்த வகையை ஒரே தடவையில் சேர்த்துவிடலாம். பிறகு பிளகின் அமைப்பில் அந்த வகையை விலக்கவும். கட்டுரைகளை ஒவ்வொன்றாக விலக்கும் வசதியும் சில பிளகின்களில் உண்டு. ஆனால் பிளகினை மாற்றினால் அந்தப் பட்டியல் போய்விடும். வகை தளத்திலேயே இருக்கும். அதனால் வகையே நல்லது.

எவற்றை விலக்குவது? காலநிலை எச்சரிக்கை, பரீட்சை அறிவித்தல், வேலைவாய்ப்பு, கோயில் திருவிழாத் திகதிகள், பஸ் நேரங்கள் யோசிக்காமலே வெளியே. கண்ணில் படாமல் தங்கிவிடுபவை வேறு. 396 மீட்டர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்கு முன் எழுதிய "கிண்ணியாவுக்குப் போவது எப்படி" என்ற கட்டுரை வெளியூர்க்காரரைப் பாதைத் துறைக்கு, அதாவது மிதவைப் படகு ஏறும் இடத்துக்கு, அனுப்பும். அதையும்விடக் கவனமாகப் பார்க்க வேண்டியவை துயரச் செய்திகள். 2021 நவம்பர் 23 அன்று குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அந்தத் தலைப்பு புதுச் செய்திபோல வந்தால், படிக்கப் போன பிள்ளையைப் பற்றி ஒரு தாய் என்ன நினைப்பாள்? இந்த மாதிரிச் செய்திகளை ஒன்றுகூட விடாமல் தேடி விலக்குங்கள். மற்ற எல்லாவற்றிலும் ஒரு பிழை விடலாம், இதில் கூடாது.

விலக்கிய பிறகு கணக்கு. 240 கட்டுரைகளில் 90 மிஞ்சியது என்று வைப்போம். 12 மணித்தியாலத்துக்கு ஒன்று என்றால் 45 நாளில் ஒரு சுற்று முடிந்து பழையவை திரும்ப வரத் தொடங்கும். ஒரு சுற்று 60 நாளாவது நீடிப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. 60 நாளை 24ஆல் பெருக்கி 90ஆல் வகுத்தால் 16 மணித்தியாலம். காலை 6 மணிக்குத் தொடங்கினால் அடுத்தவை இரவு 10, மறுநாள் பிற்பகல் 2, பிறகு மறுபடி காலை 6 என்று வரும்; மூன்றும் ஆட்கள் விழித்திருக்கும் நேரங்கள். இதையே 10 மணித்தியாலம் என்று வைத்தால் நேரம் ஓரிடத்தில் நில்லாமல் சுற்றும். காலை 6, மாலை 4, அதிகாலை 2 என்று போய், ஐந்து நாளில் நள்ளிரவையும் அதிகாலை 4 மணியையும்கூடத் தொட்டுவிடும்.

இந்த நேரங்கள் எல்லாம் சரியாக வரும் என்று நம்ப முன்னர் வேர்ட்பிரஸின் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். வேர்ட்பிரஸில் தானாக ஓடும் கடிகாரம் இல்லை. யாராவது தளத்துக்கு வந்து ஒரு பக்கத்தைத் திறக்கும்போதுதான், "செய்ய வேண்டிய வேலை ஏதும் பிந்திக் கிடக்கிறதா?" என்று அது பார்க்கும். இதற்குப் பெயர் டபிள்யூபி-கிரான். நாளுக்கு முப்பது பேர் வரும் சிறிய தளத்தில் இரவு முழுதும் ஒருவரும் வராமல், காலை 9 மணிக்கு முதல் ஆள் வந்தால், 6 மணிப் பகிர்வு 9 மணிக்குத்தான் போகும். பக்கங்களைச் சேமித்து வைத்துக் கொடுக்கும் கேஷ் பிளகின் போட்ட தளத்தில் நிலைமை இன்னும் மோசம். வந்தவருக்குச் சேமித்து வைத்த பக்கத்தையே கொடுத்து அனுப்பிவிடுவதால் வேர்ட்பிரஸ் விழிப்பதே இல்லை. "நேற்றுப் போனது, இன்று போகவில்லை, நாளை போகுமோ தெரியாது" என்ற முறைப்பாடுகளில் பல இதனால்தான்.

மருந்து எளிது. தளத்தின் அமைப்புக் கோப்பான டபிள்யூபி-கான்பிக்கில் டபிள்யூபி-கிரானை நிறுத்தும் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, ஹோஸ்டிங்கின் (தளத்தை வைத்திருக்கும் சேவையின்) கட்டுப்பாட்டுப் பக்கமான சி-பனலில் உள்ள கிரான் ஜாப்ஸ் பகுதிக்குப் போய், தளத்தின் கிரான் கோப்பை 15 நிமிடத்துக்கு ஒரு தடவை அழைக்கச் சொல்லுங்கள். நாளுக்கு 96 அழைப்பு. சாதாரண ஹோஸ்டிங்குக்கு அது சுமையே இல்லை. இரண்டையும் செய்ய வேண்டும். முதலாவதை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதை மறந்தால் பகிர்வோடு சேர்ந்து, நேரம் குறித்து வைத்த புதிய கட்டுரைகளும் வெளிவராமல் நின்றுவிடும்.

கையோடு செட்டிங்ஸ், ஜெனரல், டைம்ஸோன் போய்க் கொழும்பு என்று தெரிவு செய்யுங்கள். அது உலகப் பொது நேரத்திலேயே விடப்பட்டிருந்தால், மாலை 7 மணிக்குக் குறித்தது நம் ஊரில் நள்ளிரவு கழிந்து 12.30க்கு வரும்.

அடுத்தது அனுமதி. பிளகின் உங்கள் கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு பேஸ்புக்கில் நுழைவதில்லை. நீங்கள் ஒருமுறை சம்மதம் கொடுத்ததும் டோக்கன் என்ற ஒரு நீண்ட எழுத்துக்கோவை கிடைக்கும். அதைக் காட்டித்தான் பதிவு போடுகிறது. பேஸ்புக் கடவுச்சொல்லை மாற்றினால் அது செல்லாது. சம்மதம் கொடுத்தவரைப் பக்கத்தின் நிர்வாகத்தில் இருந்து நீக்கினாலும் செல்லாது. லிங்க்ட்இன் டோக்கன் 60 நாளில் தானாகவே காலாவதியாகும். பிளகினின் லாக் (நடந்தவற்றின் பதிவு) பகுதியில் அனுமதிப் பிழை என்று வந்தால் கணக்கை நீக்கி மறுபடி இணைப்பதே வழி. தனிப்பட்ட பேஸ்புக் கணக்குக்குத் தானாகப் பதிவிடும் வாயில் 2018 ஆகஸ்ட்டில் மூடப்பட்டது, குழுக்களுக்கான வாயில் 2024 ஏப்ரலில். இன்று பக்கங்களுக்கு மட்டுமே முடியும். ட்விட்டரும் 2023இல் பழைய இலவச அனுமதியை நிறுத்தியது. அதற்கு முன் எழுதப்பட்ட செயல்முறை விளக்கங்களை நம்பி இறங்க வேண்டாம்.

தமிழ்த் தளங்களுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. அது எழுத்தில் இருக்கிறது. "திருகோணமலை" என்பதை நாம் தி, ரு, கோ, ண, ம, லை என்று ஆறாக எண்ணுவோம். கணினிக்கு அது பத்து: த, இகரக் குறி, ர, உகரக் குறி என்று மெய்யும் குறியும் தனித்தனி. எக்ஸின் 280 எல்லையும் இப்படித்தான் எண்ணப்படுகிறது. இணைப்பு எவ்வளவு நீளமானாலும் 23 என்றே கணக்கு. வாசகம் நீண்டு, பிளகின் அதை நடுவில் வெட்டினால், "மலை" என்பது "மல" என்று முடியக்கூடும். கவனமில்லாமல் எழுதிய பிளகின், கணினி எழுத்தைச் சேமிக்கும் அலகான பைட் கணக்கில் வெட்டும். தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். நடுவில் வெட்டுப்பட்டால் கறுப்புச் சாய்சதுரத்தில் கேள்விக்குறிதான் மிஞ்சும். தலைப்பும் இணைப்பும் மட்டும் வரும்படி வாசகத்தைச் சுருக்கமாக வைத்தால் வெட்டு விழும் இடமே வராது.

இணைப்பின் முகவரியும் இதே கதைதான். முகவரிக்குள் ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறிகளாக மாறி ஒன்பது இடம் பிடிக்கும். வேர்ட்பிரஸ் தருவது 200 இடம், அதாவது ஏறத்தாழ 22 குறி. "திருகோணமலையில் திமிங்கிலம் பார்ப்பது எப்படி" என்ற தலைப்புக்குத் தானாக அமையும் முகவரி "திருகோணமலையில்-திமிங்கி" என்பதோடு நின்றுவிடும். இணைப்பு வேலை செய்யும், ஆனால் வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது பல சமயம் அது சதவீதக் குறிகளின் நீண்ட வாலாகவே விழும். வெளியிட முன்னரே முகவரியை ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொல்லாக மாற்றிவிடுவது நல்லது.

பகிர்வில் தெரியும் படமும் தலைப்பும் உள்ள அட்டையைப் பிளகின் செய்வதில்லை. பேஸ்புக் உங்கள் பக்கத்துக்கு வந்து, ஓப்பன் கிராப் குறிகளை (தலைப்பும் படமும் எவை என்று பக்கத்துக்குள் எழுதிவைத்த குறிப்புகளை) வாசித்து உண்டாக்கி, தன்னிடமே சேமித்து வைக்கும். தலைப்பைத் திருத்திய பிறகும் பழைய தலைப்பே வந்தால் காரணம் இந்தச் சேமிப்புத்தான்; பேஸ்புக்கின் ஷேரிங் டிபக்கரில் முகவரியைக் கொடுத்து மறுபடி வாசிக்கச் சொன்னால் சரியாகிவிடும். படம் 1200க்கு 630 பிக்சல் இருக்கட்டும். அட்டையில் திகதி வராது என்பதையும் மறக்க வேண்டாம். பகிர்வு வாசகத்தின் முதலிலேயே "எங்கள் பழைய கட்டுரைகளில் இருந்து" என்று நிரந்தரமாகச் சேர்த்துவிடுங்கள். புரெவிச் செய்தி போன்றது தப்பி வந்தாலும், வாசிப்பவர் ஒரு கணம் நின்று பார்ப்பார்.

இனிப் பருவம். திமிங்கிலம் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை. புறாத்தீவில் பவளப்பாறை பார்க்கக் கடல் தெளிந்திருப்பது மே முதல் செப்டெம்பர் வரை. வாடை தொடங்கியபின் படகு இறங்காத கடலைப் பற்றி "வாருங்கள்" என்று பகிர்ந்தால், கொழும்பில் இருந்து பஸ் ஏறி வருபவர் நிலாவெளியில் மழையைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். பருவம் பார்த்துப் பகிர் என்று இந்தப் பிளகினிடம் சொல்ல வழியில்லை. இவற்றை எல்லாம் "கடல்" என்று ஒரு தனி வகைக்குள் போட்டு, கைபேசியில் இரண்டு நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் முதல் வாரத்தில் அந்த வகையை விலக்குப் பட்டியலில் இருந்து எடுக்க ஒன்று, செப்டெம்பர் கடைசியில் மறுபடி சேர்க்க ஒன்று. கோணேசர் கோயில் வரலாறும் கன்னியாக் கிணறுகளும் பன்னிரண்டு மாதமும் ஓடலாம்.