வறண்ட நிலத்தில் புல்வெளி: அருகம்புல் தண்ணீரைக் கையாளும் விதம்

சித்திரை வெயிலில் வீட்டு முகப்பிலுள்ள புல்வெளி பழுப்பேறியதும், அது செத்துவிட்டது என்று முடிவுகட்டி, மண்ணோடு பெயர்த்தெடுத்துவிட்டுப் புதிதாகப் புல் பதிப்பவர்கள் உண்டு. அவ்வாறு பெயர்த்தெறியப்படுவதில் பெரும்பகுதி உயிருள்ள புல் என்பது வருத்தத்துக்குரியது. அது அருகம்புல்லாக இருந்தால், அரையடி ஆழம் தோண்டிப் பார்த்தாலே உண்மை விளங்கிவிடும். சருகாகிப்போன இலைகளுக்கு அடியில், வெளிறிய நிறத்தில் உறுதியான நிலத்தடித் தண்டுகள் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றின் ஒவ்வொரு கணுவிலும் ஒரு மொட்டு மழைக்காகக் காத்திருக்கும். வறட்சிக்கு எதிராக இந்தப் புல் கையாளும் முறைகளைப் புரிந்துகொண்டால், குறைந்த தண்ணீரில் புல்வெளி வளர்ப்பது எப்படி என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும்.

கோவை, திருப்பூர் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் இருப்பதால், கோவை நகரின் ஆண்டு மழை பொதுவாக 600 முதல் 700 மில்லிமீட்டர் அளவிலேயே நிற்கிறது. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்து ஓய்ந்துவிடுகிறது. மழை இல்லாத மாதங்களை மட்டும் கணக்கில் கொண்டால் போதாது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இலையின் மேற்பரப்பை ஒட்டி ஈரமான காற்று மெல்லிய படலமாகத் தங்கியிருக்கும்வரை இலையிலிருந்து நீர் மெதுவாகவே வெளியேறும். பலத்த காற்று அந்தப் படலத்தை இடைவிடாமல் துடைத்துக்கொண்டே இருப்பதால், வெயில் தணிந்த நாளிலும் மண் விரைவாகக் காய்கிறது. ஆடிக்காற்றில் புல் வாடுவதைக் கண்டு ஏதோ நோய் என்று மருந்து தேடுவோர், முதலில் மண்ணின் ஈரத்தைப் பார்ப்பது நல்லது.

எல்லாத் தாவரங்களும் ஒரே இக்கட்டில் இருக்கின்றன. கரியமில வாயுவை உள்ளே விட இலைத்துளைகளைத் திறக்க வேண்டும். திறந்தால் அதே வழியில் நீராவி வெளியேறிவிடும். நெல், கோதுமை போன்றவற்றில் கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்னும் நொதி, வெப்பம் கூடும்போது ஆக்சிஜனையும் சேர்த்துப் பிடித்து, ஏற்கெனவே செய்த வேலையின் ஒரு பகுதியை வீணாக்கிவிடுகிறது. அருகம்புல், கரும்பு, சோளம் ஆகியவை இதற்கு வேறு வழி கண்டவை. இவற்றின் வெளிப்புற இலைச் செல்களில் வேறொரு நொதி கரியமில வாயுவைப் பிடித்து, நான்கு கார்பன் அணுக்கள் கொண்ட அமிலமாக மாற்றி, நரம்புகளைச் சூழ்ந்துள்ள உட்செல்களுக்கு அனுப்புகிறது. அங்கே அந்த வாயு மீண்டும் விடுவிக்கப்பட்டுச் செறிவாகத் தேங்குவதால், ரூபிஸ்கோ தடுமாறாமல் வேலை செய்கிறது. ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், ஸ்லாக் என்னும் இரு அறிவியலாளர்கள் கரும்பை ஆராய்ந்து 1966-இல் விளக்கிய இந்த வழிமுறையே சி4 ஒளிச்சேர்க்கை எனப்படுகிறது. இதன் பயன் நேரடியானது: இலைத்துளைகளைப் பாதி மூடிக்கொண்டும் உணவு தயாரிக்க முடிவதால், ஒரு கிராம் உலர்பொருளை உருவாக்க இவ்வகைப் புல்லுக்கு மற்றவற்றுக்குத் தேவைப்படும் நீரில் ஏறக்குறைய பாதியே போதுமானதாக இருக்கிறது.

இரண்டாவது பலம் மண்ணுக்குள் இருக்கிறது. இளகிய மண்ணில் அருகின் வேர்கள் ஒரு மீட்டருக்கும் கீழே இறங்கக்கூடியவை. தரைமேல் ஓடும் தண்டு, தரைக்குள் ஓடும் தண்டு என இருவகைத் தண்டுகள் அதற்கு உண்டு. நீர் தீர்ந்ததும் இலைகளைக் கைவிட்டு, மிச்சமுள்ள மாவுச்சத்தை நிலத்தடித் தண்டுகளில் வைத்துக்கொண்டு உறக்கநிலைக்குப் போய்விடுகிறது. ‘அருகுபோல் வேரோடி’ என்று மணமக்களை வாழ்த்துபவர்களுக்கும், அதே அருகைக் களையென்று சபிக்கும் உழவர்களுக்கும் இந்தக் குணம் நன்றாகத் தெரியும். கோடை உழவில் தண்டுகளைப் புரட்டி மேலே போட்டு, வாரக்கணக்கில் வெயிலில் காயவிட்டால்தான் அது மடங்கும். மண்ணுக்குள் இருக்கும்வரை அதைச் சாகடிப்பது கடினம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எவ்வளவு தண்ணீர் தேவை என்பதைக் கணக்கிடுவது எளிது. ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். கோடையில் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் நீர் ஆவியாகக்கூடிய இடத்தில், அருகம்புல்லுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கை, அதாவது 4 மில்லிமீட்டரைக் கொடுத்தால் பச்சையாக இருக்கும். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். ஆக, நாளொன்றுக்கு 160 லிட்டர். மூன்று சென்ட் புல்வெளியைப் பங்குனியிலிருந்து மூன்று மாதம் பச்சையாக வைத்திருக்க 43,000 லிட்டருக்கு மேல் வேண்டும். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகளில் மூன்றரைக்கும் கூடுதலாக வாங்க வேண்டியிருக்கும். மாறாக, புல்லை உறங்கவிட்டு, தண்டுகள் காய்ந்துபோகாதிருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை அரை அங்குல அளவு நீர் மட்டும் விட்டால், ஒரு சென்ட்டுக்கு ஒரு தடவைக்கு 500 லிட்டரில் வேலை முடிந்துவிடும். அதே மூன்று வாரங்களுக்குப் பச்சையாக வைத்திருக்க ஆகும் செலவு 3,360 லிட்டர். குடிநீருக்கே லாரியை எதிர்பார்க்கும் தெருவில் புல்லைப் பச்சையாகவே வைத்திருக்கும் வழியைத் தேர்ந்தெடுப்பது நியாயமாகாது என்பது என் உறுதியான கருத்து.

இந்தக் கணக்கைப் பொருட்படுத்தாமல் விட்டால் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு அமெரிக்காவின் லாஸ் வேகஸ் ஓர் எடுத்துக்காட்டு. ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மட்டுமே மழை பெறும் அந்தப் பாலைவன நகரில், தெற்கு நெவாடா நீர் ஆணையம் வீட்டுத் தோட்டங்களில் அளந்து பார்த்தபோது, புல்வெளிகளுக்கு ஆண்டுக்குச் சதுர அடிக்கு 73 கேலன் நீர் விடப்படுவது தெரியவந்தது. ஏறக்குறைய மூன்று மீட்டர் உயர மழைக்கு அது சமம். வறட்சி தாங்கும் செடிகளுக்கு மாற்றிய தோட்டங்களில் அதே அளவு 17 கேலன் அளவுக்குக் குறைந்தது. கொலராடோ ஆறு வற்றிவந்த நிலையில், வணிக வளாகங்களிலும் சாலையோரங்களிலும் யாரும் கால்வைக்காத அலங்காரப் புல்வெளிகளுக்கு 2026 இறுதிக்குப் பின் அந்த ஆற்று நீரைப் பாய்ச்சக் கூடாது என்று நெவாடா மாநிலம் 2021-இல் சட்டமே இயற்றிவிட்டது.

எவ்வளவு என்பதைவிட எப்படி விடுகிறோம் என்பதில்தான் தவறுகள் மிகுதி. தினமும் மாலையில் பத்து நிமிடம் குழாயைப் பிடித்து நனைப்பது பலருடைய பழக்கம். அந்த நீர் மேல்மண்ணின் ஓரங்குலத்தோடு நின்று, மறுநாள் வெயிலில் பெரும்பாலும் ஆவியாகிவிடுகிறது. வேர்களும் ஈரம் கிடைக்கும் அந்த மேல்மண்ணிலேயே அடர்ந்துவிடுவதால், ஒரு வாரம் மோட்டார் பழுதானாலே புல் கருகுகிறது. வாரத்துக்கு ஒருமுறை, விடியற்காலையில், 25 மில்லிமீட்டருக்குக் குறையாமல் நின்று பாய்ச்சுவதே சரியான முறை. அந்த அளவு நீர் மணற்பாங்கான நிலத்தில் ஏறக்குறைய ஓர் அடியும், செம்மண் கலந்த நிலத்தில் அரையடிக்கு மேலும், கரிசலில் நான்கைந்து அங்குலமும் இறங்கும். தெளிப்பான் எவ்வளவு நீர் விடுகிறது என்று அறிய, நேரான சுவருள்ள டம்ளர்கள் சிலவற்றைப் புல்வெளியில் ஆங்காங்கே வைத்துக் கால் மணிநேரம் கழித்து அளவுகோலால் அளந்தால் போதும். எவ்வளவு ஆழம் இறங்கியது என்று பார்க்க நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றைக் குத்திப் பார்க்கலாம். ஈரம் உள்ளவரை வழுக்கிக்கொண்டு இறங்கி, காய்ந்த மண் தொடங்கும் இடத்தில் அது நின்றுவிடும்.

கரிசல் மண்ணுக்குத் தனிக் கவனம் தேவை. அது நிறைய நீரைப் பிடித்துவைக்கும். ஆனால் மணிக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் உறிஞ்சுவது அரிது. அதைவிட வேகமாகத் தெளித்தால் நீர் வாசலுக்கு ஓடிவிடும். கால் மணிநேரம் விட்டு, ஒருமணி நேரம் ஊறவிட்டு, மீண்டும் விடுவதே அங்கு பயன் தரும்.

அடுத்த பாய்ச்சலுக்கான நாளைப் புல்லே காட்டும். நீர் குறையும்போது இலையின் மேற்பரப்பிலுள்ள பெரிய செல்கள் விறைப்பை இழப்பதால் இலை மடிந்து குறுகுகிறது, நிறம் நீலச் சாம்பலாக மங்குகிறது. அந்த நிலையில் நடந்துபோனால் மிதித்த புல் நிமிராமல் காலடித் தடம் அப்படியே நிற்கும். அன்றிரவு கழிந்ததும் தண்ணீர் விட்டால் போதும்; அதற்கு முன்பே விடுவது வீண்.

வெட்டுவதிலும் நிதானம் வேண்டும். இலைதான் வேருக்கு உணவளிக்கிறது. இலையில் பாதிக்கு மேல் ஒரே தடவையில் வெட்டினால் வேர் வளர்ச்சி நின்றுபோவதை அமெரிக்க வேளாண் துறையின் கிரைடர் 1955-இல் பதிவுசெய்தார். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமலும், கோடையில் இரண்டு அங்குலம்வரை உயரமாகவும் விட்டால், புல்லே தன் அடிமண்ணுக்கு நிழல் தந்துகொள்ளும். கோடையில் யூரியா போடுவதை நிறுத்திவிட வேண்டும். தண்ணீர் இல்லாத நேரத்தில் புதுத் தளிரை வரவழைப்பது புல்லுக்குச் செய்யும் கெடுதல்.

ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் பற்றிக் கவலைப்படுவோருக்கு ஆறுதலான செய்தி உண்டு. மண்ணிலுள்ள உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 3 டெசிசீமென்ஸைத் தாண்டினால் நெல் விளைச்சல் குறையத் தொடங்குகிறது, அருகம்புல்லோ 6.9 வரை தாங்கும். ஆனால் மேலோட்டமாக நனைத்தால் உப்பு வெள்ளைப் பொருக்காக மேலே தேங்கும். ஆழமாகப் பாய்ச்சுவதும் வடகிழக்குப் பருவமழையும் அதை வேருக்குக் கீழே கழுவிவிடும்.

நிழலை மட்டும் அருகு தாங்காது. மாமரத்தடியிலோ வேப்பமரத்தடியிலோ அதை வற்புறுத்தி வளர்ப்பதைவிட, அந்த இடத்தைச் சருகு மூடாக்குக்கு விட்டுவிடலாம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் கோடையிலேயே மண்ணைக் கொத்தி, வெளிப்படும் கோரைக் கிழங்குகளை விடாமல் பொறுக்கி, தொழு உரம் கலந்து வைக்க வேண்டும். லாரியில் வாங்கிக் கொட்டும் மண்ணிலேயே கோரை வந்துவிடுவதுண்டு என்பதால், அதையும் ஒரு மாதம் நனைத்து முளைக்கவிட்டுக் களைந்த பின்பே நடுவது நல்லது. புரட்டாசியில் இரண்டு மூன்று கணுக்கள் கொண்ட தண்டுகளை அரையடி இடைவெளியில் பதித்து, வேர்பிடிக்கும்வரை இரண்டு வாரம் மட்டும் தினமும் ஈரப்படுத்தினால், அதன்பின் ஐப்பசி மழையே வேர்களை ஆழத்துக்கு இழுத்துச் செல்லும். தை பிறந்ததும் பாய்ச்சும் இடைவெளியை நான்கு நாள், ஆறு நாள், எட்டு நாள் என்று நீட்டிக்கொண்டே போனால், பங்குனிக்குள் அந்தப் புல் முதல் கோடைக்குத் தயாராகிவிடும்.